பிளக்-இன் கார் வாங்கலாமா? முதலில் கரண்ட் பில்லை எடுங்கள்

கோல சிலாங்கூரிலிருந்தோ பெஸ்தாரி ஜெயாவிலிருந்தோ ரவாங், ஷா ஆலாம் என்று தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு, பிளக்-இன் ஹைபிரிட் தனக்காகவே செய்த கார் போலத் தோன்றும். இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால் மறுநாள் எண்பது கிலோமீட்டர் வரை கரண்டில் ஓடலாம். உறவினர் கல்யாணம், கோயில் திருவிழா என்று தூரம் போனால் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. வழியில் சார்ஜர் தேடி அலைய வேண்டாம். 2025 தொடக்கத்தில் மலேசியாவில் விற்பனைக்கு வந்த ஜேகூ ஜே7 பிளக்-இன் இந்த வகைதான். வந்தபோது விலை ஒன்றரை லட்சம் வெள்ளிக்கு மேல்.

காரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கில் இடிப்பது நம் நாட்டுப் பெட்ரோல் விலை. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 மானியத் திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. ஐரோப்பாவில் இதைப்போல மூன்று, நான்கு மடங்கு கொடுக்கிறார்கள். அங்கே லாபம் தரும் கார் இங்கே அதே லாபத்தைத் தராது.

போட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 20 யூனிட் வேண்டும். 2025 ஜூலையில் மாறிய வீட்டுக் கட்டணப்படி யூனிட் 44 சென் சொச்சம். ஆக 8.80 வெள்ளி. அதே தூரத்துக்கு எட்டு லிட்டர் குடிக்கும் பெட்ரோல் எஸ்யூவிக்கு 16 வெள்ளி. கிள்ளான் புக்கிட் ராஜாவில் பொருத்தப்படும் கொரோலா கிராஸ் ஹைபிரிட் போன்ற, சார்ஜே போட வேண்டாத கார் ஐந்து லிட்டரில் ஓடினால் 10 வெள்ளி. வித்தியாசம் ஒரு வெள்ளி சொச்சம்!

அந்த ஒரு வெள்ளியும் கையில் நிற்குமா? மாதம் 400 யூனிட் எரிக்கும் வீட்டில், வேலை நாள்களில் இரவுக்கு 12 யூனிட் சார்ஜ் போட்டால் இன்னும் 260 யூனிட் கூடும். 600-ஐத் தாண்டியதும் மாதக் கட்டணமாக 10 வெள்ளி சேரும். தாண்டிய பகுதிக்குச் சேவை வரி உண்டு. எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் தொகையும் பில்லைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். குறைவாக எரிப்போருக்குத் தரும் கழிவோ யூனிட் கூடக் கூடத் தேய்ந்து, 1,000-க்கு மேல் இல்லாமலே போகும். இத்தனையும் சேர்ந்தால் சாதாரண ஹைபிரிட்டைவிடச் செலவு கூடிவிடலாம். நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால் இரவு பத்து மணிக்கு மேல் மலிவு, ஆனால் கொஞ்சம்தான். வெளியே வேகச் சார்ஜரில் யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் கொடுத்தால் பெட்ரோலே தேவலாம். சாலை வரியிலும் சலுகை இல்லை: எஞ்சின் அளவு ஒன்றென்றால் பிளக்-இன்னுக்கும் பெட்ரோல் காருக்கும் ஒரே வரிதான்.

பெட்ரோல் எஸ்யூவியைவிட பிளக்-இன் 20,000 வெள்ளி கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டரும் கரண்டிலேயே ஓட்டினாலும் மிச்சம் 1,300 வெள்ளிதான். போட்ட பணம் திரும்பப் பதினைந்து ஆண்டு ஆகும். கார் கடனே ஒன்பது ஆண்டில் முடிந்துவிடும்.

தோட்டத்து மக்களுக்கு இதற்கும் முந்திய கேள்வி, காரை எங்கே நிறுத்துவது என்பது. மீட்டர் நிர்வாகத்தின் பெயரில் இருக்கும் லயத்து வீட்டிலும், மலிவு விலை அடுக்குமாடியிலும் இரவெல்லாம் சார்ஜ் போட வழியில்லை. தாமான் வீடானாலும் பழைய வயரிங்கை நம்பக்கூடாது. பேட்டரி காலியாக இருந்தால் 13 ஆம்பியர் சாக்கெட்டில் எட்டு மணி நேரம் இடைவிடாமல் கரண்ட் இழுக்கும். தளர்ந்த சாக்கெட் சூடேறி உருகும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு தனி வயரும் தனி பிரேக்கரும் போடுங்கள். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுப்பது வேண்டவே வேண்டாம். குழந்தைகள் விளையாடும் இடம் அது.

சார்ஜ் போடாமல் ஓட்டினால் அது கனமான பேட்டரியைச் சுமக்கும் பெட்ரோல் கார், அவ்வளவுதான். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பிளக்-இன் கார்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, சோதனைக்கூட அளவைப்போல சராசரி 3.5 மடங்கு. பலர் போதிய அளவு சார்ஜ் போடாததே முக்கியக் காரணம்.

சிவப்பு அடையாள அட்டையோடு குடியுரிமைக்காக இன்னும் காத்திருக்கும் நம் மூத்தவர்களின் கணக்கு வேறு. புடி95 அவர்களுக்கு இல்லை. திட்டம் தொடங்கியபோதே அவர்களுக்கு லிட்டர் 2.60 வெள்ளி. இந்த மண்ணுக்கு உழைத்தவர்களிடம் கூடுதல் விலை வாங்குவது நியாயமே இல்லை.

இன்றைய விலையில், வட சிலாங்கூரின் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சாதாரண ஹைபிரிட்டோ சிறிய பெட்ரோல் காரோ போதும். போர்ட்டிக்கோவில் சார்ஜ் வசதி, தினமும் எண்பது கிலோமீட்டருக்குள் ஓட்டம், விலை வித்தியாசத்தைக் கடனில்லாமல் கட்டும் வசதி ஆகிய மூன்றும் உள்ளவர் மட்டும் பிளக்-இன் பார்க்கலாம். அப்போதும் பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.