இந்திய வட்டமும் இருசமவெட்டியும்

அரபுக் கல்லூரிகளில் ஹனஃபி ஃபிக்ஹு பயில்வோர் ‘ஷரஹுல் விகாயா’வை அறிவர். ஹிஜ்ரி 747இல் (கி.பி. 1346) மறைந்த ஸத்ருஷ் ஷரீஆ உபைதுல்லாஹ் (ரஹ்) அவர்கள் எழுதிய அந்நூலில், லுஹருடைய தொடக்கத்தை அறிய ஒரு வட்டம் விவரிக்கப்படுகிறது. அதன் பெயர் ‘அத்தாஇரத்துல் ஹிந்திய்யா’, அதாவது இந்திய வட்டம். அப்பகுதிக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் கூறும் மாணவர் பலர். தரையில் வரைந்து பார்த்தவர் மிகச் சிலர். பல்லாண்டுகள் அதைப் பாடம் நடத்திய நானும் திருப்பூரில் ஒரு வழக்கு எழுந்த பின்னரே வரைந்து பார்த்தேன்.

சமதரையில் ஒரு வட்டம் வரைக. மையத்தில், விட்டத்தின் நான்கில் ஒரு பங்கு உயரமுள்ள கோலைச் செங்குத்தாக நடுக. கோல் சாயாதிருப்பதற்கும் நூலிலேயே சோதனை உண்டு: அதன் உச்சி, பரிதியின் மூன்று புள்ளிகளிலிருந்து சம தொலைவில் இருக்க வேண்டும். காலையில் நீண்டிருக்கும் நிழல் குறுகி, அதன் நுனி வட்டத்தினுள் நுழையும் இடத்தில் ஒரு குறி. பிற்பகலில் வெளியேறும் இடத்தில் மற்றொரு குறி. இடைப்பட்ட வில்லின் நடுப்புள்ளியை மையத்தோடு இணைத்தால் அதுவே நண்பகல் கோடு. நிழல் அக்கோட்டை விட்டுக் கிழக்கே நகரத் தொடங்கியதும் லுஹர் நுழைகிறது.

இது ஏன் சரியாகிறது? குறிகளை அ, ஆ என்றும் மையத்தை ம என்றும் கொள்வோம். அ, ஆ இரண்டையும் மையமாகக் கொண்டு, கவராயத்தின் ஒரே விரிவில் (அஆ நீளத்தின் பாதிக்கு மேல்) விற்கள் வரைந்தால் அவை இரு இடங்களில் வெட்டும். அவற்றை இணைப்பது மையக்குத்துக்கோடு. சூரிய சித்தாந்தம் இவ்வடிவத்தை மீன் என்கிறது. இக்கோட்டின் புள்ளிகள் யாவும் அ, ஆ இரண்டிற்கும் சம தொலைவில் உள்ளவை. மையமும் அவ்வாறே இருப்பதால் கோடு அதன் வழியே சென்றே தீரும். மஅ, மஆ இரண்டும் ஆரங்கள். ஆகவே மஅஆ இருசமபக்க முக்கோணம். அதில் அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடே உச்சிக்கோணத்தின் இருசமவெட்டியும் ஆகும். நம்மூர்ப் பனியன் கம்பெனிகளின் கட்டிங் மாஸ்டர் இதைத் துணியில் செய்கிறார்: இரு தோள் முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மடித்தால், மடிப்பே மையக்குத்துக்கோடு. கி.பி. 998இல் மறைந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானி, கைவினைஞருக்குத் தேவையான வரைமுறைகளுக்கென்றே தனி நூல் எழுதியவர்.

வழக்குக்கு வருவோம். ஒரு கம்பெனியின் மாடித் தொழுகை அறையில் பாய்கள் நேர்மேற்காக விரிக்கப்பட்டிருந்தன. இருவரின் கைபேசிகள் இரு திசைகளைக் காட்ட, பேச்சு மனத்தாங்கலில் முடிந்தது. இரும்புத் தூண்களும் எந்திரங்களும் காந்த முள்ளைத் திசைமாற்றும் என்பதை இருவருமே எண்ணவில்லை. மாணவர் சிலருடன் மொட்டைமாடியில் நூலும் சாக்குக்கட்டியும் கொண்டு இந்திய வட்டத்தை வரைந்தேன். அஆ கோடு கிழக்கு மேற்கையும், மையக்குத்துக்கோடு வடக்கு தெற்கையும் தந்தன. டிசம்பரிலும் நம்மூர் நண்பகல் நிழல் கோலின் உயரத்தில் ஏறத்தாழ 0.7 பங்கே என்பதால், எப்பருவத்திலும் நிழல் வட்டத்தினுள் வந்துவிடும். ஆனால் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை அது தெற்கே விழும். வடக்கு எது என்பதில் ஏமாந்துவிடக் கூடாது. நிழல் நுழைந்த பக்கம் எப்போதும் மேற்கு.

திருப்பூருக்குக் கிப்லா மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 21 பாகை. மேற்குக்கும் வடக்குக்கும் இடைப்பட்ட செங்கோணத்தை இருசமமாக்கினால் 45 பாகை. அதில் மேற்குப் பாதியை மீண்டும் இருசமமாக்கினால் 22½. கோணமானி இன்றியே ஒன்றரைப் பாகைக்குள் வந்துவிட்டோம்! கஅபாவின் திசையிலிருந்து 45 பாகைக்குட்பட்ட விலகலால் தொழுகை கெடாது என்பது ஹனஃபி அறிஞர் கூற்றாதலால், முன்பு தொழுதவற்றில் ஐயத்திற்கு இடமில்லை என்று இருவருக்கும் எடுத்துரைத்தேன். பாய்கள் மட்டும் திருப்பி விரிக்கப்பட்டன.

சரிபார்க்க விரும்புவோர்க்கு மற்றொரு வழி உண்டு. மே 28 அன்று நம் நேரப்படி பிற்பகல் 2.48க்குச் சூரியன் மக்காவின் உச்சியில் நிற்கும். அப்போது செங்குத்துக் கோலின் நிழல் எத்திசையில் விழுகிறதோ, அதற்கு நேர் எதிரே கிப்லா.