அறுந்த டி.என்.ஏ. இழையும் வெற்றிலை போடும் வாயும்

பழுது எங்கிருந்து வருகிறது

உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. தினமும் பல்லாயிரம் இடங்களில் பழுதாகிறது. பெரும்பாலானவை சிறு பழுதுகள், உயிரணுவே சரிசெய்துவிடும். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுவதுதான் ஆபத்து. வெயில், எக்ஸ்ரே, சிகரெட் புகை போன்றவை பழுதைக் கூட்டும். வெற்றிலை போடும் பழக்கமும் அப்படியே.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வெற்றிலை போடுவது பழைய வழக்கம். குடும்பங்கள் நகரத்துத் தாமான்களுக்குக் குடியேறிய பிறகும் பாட்டிமார் பலர் அதை விடவில்லை. பாக்கிலுள்ள வேதிப்பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தோடு சேரும்போது டி.என்.ஏ.வைத் தாக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகின்றன. புகையிலையின் நைட்ரோசமைன்கள் இழையிலேயே ஒட்டிக்கொள்கின்றன. புகையிலை சேர்க்காவிட்டால் கெடுதலில்லை என்ற நம்பிக்கை தவறு. பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை வகைப்படுத்தியது.

ஓர் இழை அறுந்தால்

எதிர் இழை முழுதாக இருப்பதால் வேலை எளிது. பார்ப்-1 என்ற புரதம் அறுந்த இடத்தைக் கண்டு மற்றப் புரதங்களை வரவழைக்கிறது. விடுபட்ட டி.என்.ஏ. எழுத்துகள் எதிர் இழையைப் பார்த்து நிரப்பப்படுகின்றன. லிகேஸ் என்ற நொதி முனைகளை ஒட்டுகிறது. டி.என்.ஏ. பழுதுபார்ப்பு முறைகளை விளக்கியதற்காகத் தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சஞ்சார் ஆகியோர் 2015இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

இரண்டும் அறுந்தால்

பார்த்து எழுத எதிர் இழை இல்லை. கூ என்ற புரதம் அறுந்த முனைகளைப் பற்றிக்கொள்ள, அவை நேராக ஒட்டப்படுகின்றன. இது விரைவான வழி. ஆனால் சில எழுத்துகள் தொலையலாம். உயிரணு பிரிவதற்கு முன் டி.என்.ஏ.வைப் படியெடுத்திருந்தால், அந்த இரட்டைப் படியைப் பார்த்துப் பிழையின்றிச் சரிசெய்யவும் முடியும். இதற்குப் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்கள் தரும் புரதங்கள் வேண்டும். இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் பல மடங்கு உயரும். பழுதான மரபணு தந்தை வழியாகவும் வரும் என்பதைக் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன.

சரிசெய்யும்வரை உயிரணு பிரியாமல் தடுப்பது பி53 புரதம். பழுது மிஞ்சினால் அந்த உயிரணுவையே அது சாக வைக்கும். நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கிய வெற்றிலைச் சக்கை இந்த அவகாசத்தைத் தருவதில்லை. பி53 மரபணுவே பழுதாகிவிட்டால் பிழையோடு கூடிய உயிரணுக்கள் தடையின்றிப் பெருகும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம்.

கவனிக்க வேண்டியவை

துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், ரசம்கூட எரியும் வாய், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவை வலியில்லாவிட்டாலும் அரசு பல் கிளினிக்கில் காட்ட வேண்டியவை. பழக்கத்தை விட்டால் அபாயம் மெல்லக் குறையும். ஆனால் இறுகிப்போன கன்னத்தசை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது அரிது. பழக்கத்தை விடுவதற்கு மாத்திரை எதுவும் ஈடாகாது.

கதிர்வீச்சுச் சிகிச்சையும் இழைகளை அறுத்தே புற்றுநோயைக் கொல்கிறது. ஒரே நாளில் கொடுக்காமல் பல வாரங்களுக்குச் சிறு அளவுகளாகப் பிரித்துக் கொடுப்பது, பழுதுபார்க்கும் திறன் குறையாத நல்ல உயிரணுக்கள் இடைவெளியில் தேறிக்கொள்ளத்தான். இந்த இடைவெளிகள் திட்டமிட்டவை என்பதால் நடுவில் சிகிச்சை நாள்களைத் தவறவிடக் கூடாது.