உஷார்! மயக்க மருந்து டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா?

நீங்கள் ஆரிய வைசிய சமூகத்தைச் சேர்ந்தவரா? அல்லது உங்கள் ரத்த உறவில் யாராவது, ஆபரேஷன் முடிந்தும் மூச்சு திரும்பாமல் மணிக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்தார்களா? அப்படியென்றால் இதை உடனே படியுங்கள்.

தொண்டைக்குள் குழாய் செருகுமுன் தசைகளைத் தளர்த்த, ஸ்கோலின் எனப்படும் சக்ஸமெத்தோனியம் ஊசியைப் போடுவது உண்டு. ஒரு நிமிடத்திலேயே உடம்பு தளர்ந்துவிடும், மூச்சுத் தசைகள் உட்பட. ரத்தத்திலுள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற என்சைம் அந்த மருந்தைச் சிதைப்பதால், பெரும்பாலோருக்குப் பத்து நிமிடத்துக்குள் மூச்சு திரும்பிவிடும். அந்த என்சைமுக்கான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்திருந்தால் மணிக்கணக்காகும். அதுவரை வென்டிலேட்டர்தான் உயிர். விஷயம் தெரியாமல் மயக்க மருந்தை நிறுத்திவிட்டால் இன்னும் கொடுமை: நினைவு வந்துவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது.

அன்றாட வாழ்க்கையில் இந்தக் குறை எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் பங்கேற்ற ஆய்வு 2017-ல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வந்தது. ஆரிய வைசியரிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட ஏறக்குறைய 100 மடங்கு அதிகம் என்கிறது அது. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணமுடித்ததன் விளைவு. (செட்டியார் என்றாலே இதில் சேர்த்துவிட வேண்டாம், இங்கே பேசுவது ஆரிய வைசியரை மட்டும்.) மயக்கவியல் டாக்டர்கள் பலருக்கு இது தெரிந்த சங்கதி. வீடுகளுக்குத்தான் வந்து சேரவில்லை. உயிர் காக்கும் செய்தி ஆங்கில ஆய்விதழ்களுக்குள்ளேயே கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் கூச்சத்துக்கு இடமில்லை. ஆபரேஷன் தேதி குறித்ததும் மயக்க மருந்து டாக்டரிடம் சமூகப் பெயரைச் சொல்லுங்கள், உறவினருக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள். சூடோகோலினெஸ்டரேஸ் (அதே என்சைமின் இன்னொரு பெயர்) அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. குறை இருந்தால் மாற்று மருந்துகளும் உண்டு. ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்; அவர்கள் ஒவ்வொருவருக்கும் குறைந்தது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

விபத்திலோ அவசர சிசேரியனிலோ பேசிப் புரியவைக்க நேரம் இருக்காது. ரிசல்ட்டை ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள், வீட்டில் எல்லோருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.