ஒத்திக்கு வீடு பிடிக்கிறீங்களா? பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பு இதை எல்லாம் பாருங்க!

தேனி:

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் நெருங்கினால் தேனி, போடி, சின்னமனூர், கம்பம் பகுதியில் வீடு தேடி ஜனங்கள் அலைய தொடங்கி விடுவார்கள். ஏலத்தோட்ட வேலைக்கு விடியும் முன்பே ஜீப் ஏறுபவர்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகள் படிப்புக்காக கிராமத்தை விட்டு வருபவர்கள் என எல்லோருக்கும் வீடு வேண்டும். மாதா மாதம் வாடகை கொடுத்து கட்டுப்படி ஆகாதவர்கள், நகையை விற்று, சீட்டு எடுத்து 2 லட்சம், 3 லட்சம் என மொத்தமாக கொடுத்து ஒத்திக்கு போய் விடுகிறார்கள்.

வாடகை வீட்டில் ஏமாந்தால் போவது சில மாத அட்வான்ஸ். ஒத்தியில் ஏமாந்தால் போவது ஒரு குடும்பத்தின் 10 வருட சேமிப்பு. ஆனால் 500 ரூபாய்க்கு சேலை எடுக்கும் போது பார்க்கிற அளவுக்கு கூட, ஒத்தி பணம் கொடுக்கும் போது பலர் பார்ப்பது இல்லை.

யார் வீடு?

முதலில் தெரிய வேண்டியது, வீட்டை காட்டுபவர் வீட்டுக்காரர் தானா என்பது. சொந்தக்காரர் கேரளாவிலோ சென்னையிலோ இருப்பார். சாவி மட்டும் வேறொருவரிடம் இருக்கும். அப்பா பெயரில் உள்ள வீட்டை, அவர் இறந்த பிறகு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என 4 பேருக்கு பங்கு இருக்கும் போது, ஒருவர் மட்டும் ஒத்திக்கு விட்டு பணம் வாங்கி கொள்வதும் உண்டு. நாளைக்கு மற்ற 3 பேரும் வந்து நின்றால் குடியிருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

அதனால் வீட்டு வரி ரசீது, மின்வாரிய அட்டை, பத்திரம் ஆகியவற்றின் ஜெராக்சை கூச்சப்படாமல் கேளுங்க. மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்க்கணும். "என்னை நம்பலையா?" என்று கோபப்பட்டால், அந்த வீட்டை விட்டு விடுவதே நல்லது.

அடுத்து வில்லங்கம். பத்திர எண்ணோ, சர்வே எண்ணோ இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். பிரவுசிங் சென்டரில் சொன்னால் எடுத்து தருவார்கள். வீடு பேங்க் கடனில் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்து விடும்.

பேங்க் ஜப்தி

வீட்டுக்காரர் கடன் கட்டாமல் போனால், 2002-ம் ஆண்டு கொண்டு வந்த சர்பேசி சட்டப்படி பேங்க் அந்த வீட்டை கையகப்படுத்தி ஏலம் விடலாம். பதிவு செய்யாத எழுத்தையோ, வாய்ப்பேச்சையோ நம்பி குடியிருப்பவர், பேங்க் எடுக்க வரும்போது நீண்ட காலத்துக்கு உரிமை கோர முடியாது என்று 2019-ல் உச்சநீதிமன்றம் சொல்லி விட்டது. ஒத்தி பணத்துக்கு வீட்டுக்காரர் பின்னால்தான் அலைய வேண்டும். அவர்தான் ஏற்கனவே கடனாளி.

20 ரூபாய் பத்திரம் போதுமா?

போதாது. நம்ம ஊரில் ஒத்தி என்றாலே முத்திரைத்தாளில் எழுதி, 2 பேர் சாட்சி கையெழுத்து போட்டு, பீரோவில் வைத்து விடுகிறார்கள். ஆனால் வீட்டை அடமானமாக வைத்து 100 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால், அதை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அடமானமாக செல்லும் என்று சொத்து மாற்று சட்டம் சொல்கிறது. பத்திரத்தை பேங்கில் கொடுத்து கடன் வாங்குவதற்கு மட்டும் இது பொருந்தாது. ஒத்தியை சுவாதீன அடமானம் என்று பதிவு செய்கிறார்கள். அப்படி செய்து விட்டால் அது வில்லங்கத்தில் ஏறி விடும். வீட்டை விற்றாலும் வாங்குகிறவருக்கு தெரிந்து விடும். செலவு ஆகுமே என்று இரு தரப்பும் தயங்குவார்கள். 3 லட்சத்துக்கு முன்னால் அந்த செலவு பெரிதில்லை.

பணத்தை பேங்க் மூலம் வீட்டுக்காரர் கணக்குக்கே அனுப்புங்க. புரோக்கர் கையில் கொடுக்க வேண்டாம்.

வாடகைக்கு போனால்

1960-ம் ஆண்டு சட்டத்துக்கு பதிலாக வந்த புதிய வாடகை சட்டம் 2019 பிப்ரவரி 22-ந்தேதி முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, அதற்கென உள்ள அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 11 மாதம்தானே என்று விட்டு விட முடியாது. ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி வீட்டை காலி செய்ய சொல்லி மனு போட முடியும்.

வேறு மாதிரி பேசிக் கொள்ளாவிட்டால், 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக் கொண்டு, திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், வெள்ளையடிப்பதும் பழைய வயரிங்கை மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், சுவிட்ச் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. சண்டை வந்தால் தண்ணீர், கரண்டை நிறுத்த வீட்டுக்காரருக்கு அதிகாரம் கிடையாது.

சாமான் இறக்கும் முன்பு மீட்டர் ரீடிங்கை போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி விடணும். பழைய பில் பாக்கி இருக்கிறதா, யூனிட்டுக்கு என்ன கணக்கு, எல்லா வீட்டுக்கும் ஒரே மீட்டரா என்பதையும் பேசி விடுங்க. 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒரு இணைப்புக்குத்தான். சுவர் விரிசல், கூரை ஒழுகல் இருந்தால் அதையும் படம் எடுத்து வைங்க. ஆடி காற்றுக்கு தகரம் தாங்குமா என்று பக்கத்து வீட்டில் கேட்டாலே சொல்லி விடுவார்கள்.

புகாருக்கு

வாடகை தகராறுக்கு துணை ஆட்சியர் நிலைக்கு குறையாத வாடகை அதிகாரி இருக்கிறார். பெரியகுளம், உத்தமபாளையம் கோட்ட வருவாய் அலுவலகங்களில் விசாரிக்கலாம். ஒத்தி பணம் வராமல் கோர்ட்டுக்கு போக வேண்டியது வந்தால், வக்கீல் செலவுக்கு பயப்பட வேண்டாம். லட்சுமிபுரம் கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு.