லைக்ரா உடை: இழுபடும் துணியும் இறுகும் உடலும்

லெக்கின்ஸ் வாங்கும்போது துணியை இழுத்துப் பார்க்கிறோம். உள்ளே தைத்திருக்கும் சிறு லேபிளைப் பார்ப்பவர்கள் குறைவு. ‘காட்டன் 95%, எலாஸ்டேன் 5%’ என்று இருந்தால், இழுபட்டுத் திரும்புகிற வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது அந்த ஐந்துதான்.

ஐந்து சதவீதத்தின் வேலை

எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ் இரண்டும் ஒரே நார்; லைக்ரா அதன் வணிகப் பெயர். 1958இல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவன வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் இதை உருவாக்கினார். அன்று பெண்களின் இடுப்புக் கச்சைகளில் இருந்த ரப்பருக்கு மாற்று தேவைப்பட்டது. இந்தப் பாலியூரித்தேன் நாரை ஐந்து மடங்கு இழுத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ரப்பரைக் கெடுக்கும் அளவுக்கு இதைக் கெடுப்பதில்லை.

அரிப்பு எங்கிருந்து வருகிறது?

எலாஸ்டேன் நாரே தோலுக்கு ஒவ்வாமல் போவது அரிது. பாலியஸ்டருக்கும் நைலானுக்கும் ஏற்றும் சில அடர்நீல, கறுப்புச் சாயங்கள் சிலருக்குத் தடிப்பை உண்டாக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் பெரும்பாலோரைப் படுத்துவது ஈரம். உடலை ஒட்டிய உடையில் காற்று புகாது. தொடை இடுக்கில் தேங்கும் வியர்வையும் உராய்வும் பூஞ்சைக்குத் தோதான இடமாகின்றன. படர்தாமரை அங்கே தொடங்கலாம். மயிர்க்கால்களில் சிறு கொப்புளங்களும் வரலாம்.

ஜிம்முக்குப் போட்ட உடையோடு கடைக்குப் போய், வீட்டு வேலையும் முடித்து, இரவில்தான் மாற்றுகிறோம். லெக்கின்ஸைவிட இந்தப் பழக்கத்தின் மீதுதான் எனக்குக் கோபம். வியர்த்ததும் மாற்றி, இடுக்குகளை ஈரம் போகத் துடைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

வட்டமாகப் படர்ந்து அரித்தால், மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு களிம்பைத் தடவ வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு சட்டென்று அடங்கும். பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும், பிறகு மருந்துக்கு எளிதில் மசியாது. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். துண்டைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொடை மரத்துப்போனால்

இடுப்பில் மிக இறுக்கமாக உடுத்தினால், தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போகும் உணர்வு நரம்பு நசுங்கலாம். அந்த இடம் மரத்துப்போகும், எரியும். கர்ப்பிணிகளுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் இதற்கு வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் உடையைத் தளர்த்தினாலே சரியாகும். நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இறுக்கமே மருந்தாகும்போது

வெரிகோஸ் வெயின் உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் காலுறையிலும் இதே நார் இருக்கலாம். கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தி, காலில் தேங்கும் ரத்தத்தை அது மேலேற்றுகிறது. காலையில் வீக்கம் ஏறுமுன் மாட்டிக்கொள்வது நல்லது. தீக்காயத் தழும்பு தடிக்காமலிருக்கத் தரும் அழுத்த உடையைக் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போடச் சொல்வார்கள். ஆனால் கால் தமனியில் அடைப்பு இருப்பவர்களுக்கு அழுத்தக் காலுறை ஆபத்து. சர்க்கரை நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

அடுப்படியிலும் சலவையிலும்

பாலியஸ்டர், நைலான் கலந்த துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும், காயம் ஆழமாகும். சமைக்கும்போது பருத்தி உடுத்துங்கள், அதுவும் தொங்காத உடையாக.

துவைக்கும்போது ப்ளீச்சிங் பவுடரும் கொதிநீரும் ஆகாது, எலாஸ்டேன் இற்றுவிடும். முட்டியில் தொளதொளத்துப்போன பழைய அழுத்தக் காலுறையில் அழுத்தம் மிச்சமிருக்காது. புதிது வாங்க வேண்டியதுதான்.