நம் அணி மேலே ஏறுமா?

கொல்கத்தா நகரின் நடுவில் ஒரு பெரிய திடல் உண்டு. அதை 'மைதான்' என்பார்கள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பழைய கால்பந்துக் கழகங்களுக்கும் அங்கே ஆடுகளம் உண்டு. முகமதன் கழகம் 1891இல் தொடங்கியது. கறுப்பு வெள்ளைச் சட்டைதான் அதன் அடையாளம்.

கொல்கத்தாவில் ஆட்டம் மைதானத்தோடு முடிவதில்லை. டீக்கடையிலும் தொடரும். "நம் அணி நன்றாக ஆடுகிறதா? இந்த வருடம் மேலே ஏறுமா?" என்று பேச்சு நீளும். இரண்டு ரசிகர்கள் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

"சாச்சா, இந்த வருடம் கோப்பை நமக்குத்தான்!" என்கிறான் இளைஞன்.

"போன வாரம் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கினோமே, மறந்துவிட்டாயா?" என்கிறார் பெரியவர்.

"ஒரு ஆட்டம்தானே சாச்சா!"

"ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு ஆட்டம்தான் நம்மைக் கவிழ்க்கிறது, தம்பி."

இளைஞனுக்கு நம்பிக்கை. பெரியவருக்குப் பயம். இருவருமே அணியை நேசிப்பவர்கள்தான். யார் சொல்வது சரி? குரலை உயர்த்தினால் விடை கிடைக்காது. பேப்பரில் வரும் புள்ளிப் பட்டியலைப் படித்தால் கிடைக்கும். எழுத்தும் எண்ணும் தெரிந்த யாரும் அதைப் படிக்கலாம்.

மேலே ஏறுவது என்றால் என்ன?

பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் தேறினால் ஆறாம் வகுப்பு. கால்பந்திலும் அப்படி வகுப்புகள் உண்டு. அவற்றை லீக் என்பார்கள். கீழ் லீக்கில் முதலாவதாக வரும் அணி அடுத்த வருடம் மேல் லீக்கில் ஆடும். இதுதான் ஏற்றம். சில நாடுகளில் மேல் லீக்கில் கடைசியாக வரும் அணி கீழே இறங்கும். அது இறக்கம்.

மேல் லீக்கில் ஆட்டங்களை அதிகம் பேர் பார்ப்பார்கள். விளம்பரப் பணம் கூடும். நல்ல ஆட்டக்காரர்கள் வருவார்கள். ஆகவே ஏற்றம் என்பது வெறும் பெருமை மட்டும் அல்ல. கழகத்தின் பிழைப்பும் அதில் இருக்கிறது.

இந்தியாவில் ஐ-லீக் 2007இல் தொடங்கியது. ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் 2014இல் வந்தது. ஐ-லீக்கில் வென்றால் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்ற வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. அந்த வருடம் பஞ்சாப் அணி ஏறியது.

அதற்கு முன் வென்றவர்கள் ஏறவில்லை. கோவையில் ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19இல் ஐ-லீக்கை வென்றது. 20 ஆட்டங்களில் 43 புள்ளி எடுத்தது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளியோடு இரண்டாவது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! கோப்பை கிடைத்தது. ஆனால் மேலே ஏற வழி இல்லை. அப்போது அந்த விதியே கிடையாது.

புள்ளி எப்படிக் கிடைக்கிறது?

வென்றால் 3 புள்ளி. சமமாக முடிந்தால் ஆளுக்கு 1 புள்ளி. இதை 'டிரா' என்கிறோம். தோற்றால் புள்ளி இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று ஆட்டத்தையும் டிரா செய்தால் 3 புள்ளி. ஒன்றில் வென்று இரண்டில் தோற்றாலும் அதே 3 புள்ளிதான். தோற்காமல் இருந்தால் மட்டும் போதாது. வெல்லவும் வேண்டும்.

'ஃபார்ம்' என்பது என்ன?

அணி இப்போது எப்படி ஆடுகிறது என்பதை ரசிகர்கள் 'ஃபார்ம்' என்பார்கள். அதை அறியக் கடைசி ஐந்து ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். ஓர் அணிக்கு மூன்று வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி என்று வைப்போம். மொத்தம் 10 புள்ளி. ஐந்து ஆட்டத்தில் எடுக்கக்கூடியது 15 புள்ளி. அதில் 10 என்றால் நல்ல ஃபார்ம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த ஐந்து ஆட்டமும் யாரோடு? எங்கே? பலமில்லாத அணிகளைச் சொந்த ஊரில் வென்றது ஒரு வகை. பலமான அணியை அதன் ஊருக்கே போய் வென்றது வேறு வகை. முந்தைய ஆட்டத்தை மட்டும் நினைத்துக்கொண்டு பேசினால் கணக்குத் தப்பும். நேற்று பெய்த மழையை மட்டும் பார்த்து ஏரி நிறையும் என்று சொல்ல முடியுமா?

வாய்ப்பு இருக்கிறதா? கணக்குப் போடுவோம்

இதற்கு இரண்டு எண்கள் போதும். கையில் உள்ள புள்ளி ஒன்று. மீதி ஆட்டம் இன்னொன்று. மீதி ஆட்டத்தை 3ஆல் பெருக்கிக் கையில் உள்ள புள்ளியோடு கூட்டுங்கள். அந்த அணி அதற்கு மேல் எடுக்க முடியாது.

சிவப்பு அணி 46 புள்ளி எடுத்திருக்கிறது. மீதி 2 ஆட்டம்.
நீல அணி 38 புள்ளி எடுத்திருக்கிறது. மீதி 3 ஆட்டம்.

நீல அணி மூன்றிலும் வென்றால் 9 புள்ளி வரும். 38உம் 9உம் 47. சிவப்பு அணி இன்னும் 2 புள்ளி எடுத்தால் 48 ஆகிவிடும். பிறகு நீல அணியால் எட்ட முடியாது. ஒரு வெற்றி போதும். அல்லது இரண்டு டிரா போதும்.

ஷில்லாங்கில் முடிந்த வழக்கு

2023-24 ஐ-லீக்கில் 13 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டம். 2024 ஏப்ரல் 6ஆம் தேதி முகமதன் அணி மேகாலயத்தின் ஷில்லாங் நகருக்குப் போனது. அங்கே லாஜோங் அணியோடு ஆட்டம்.

முதல் நிமிடத்திலேயே முகமதன் ஒரு கோல் போட்டது. லாஜோங் அதைச் சமன் செய்தது. பிறகு 62ஆம் நிமிடத்தில் முகமதனுக்கு இரண்டாவது கோல். ஆட்டம் 2-1 என்று முடிந்தது.

அதோடு முகமதன் 23 ஆட்டத்தில் 52 புள்ளி எடுத்துவிட்டது. இன்னும் ஓர் ஆட்டம் மீதி இருந்தது. ஆனால் வேறு எந்த அணியாலும் அதை முந்த முடியாது. கோப்பை உறுதி, ஏற்றமும் உறுதி! கடைசி ஆட்டத்தில் டெல்லி அணியிடம் முகமதன் தோற்றது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இளைஞனின் நம்பிக்கை அந்த வருடம் வென்றது.

ஏறிய பிறகு?

2024-25இல் முகமதன் ஐ.எஸ்.எல்.லில் ஆடியது. அங்கே அதன் முதல் வெற்றி சென்னையில் கிடைத்தது. சென்னையின் எஃப்.சி. அணியை 1-0 என்று வென்றது. ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

ஆனால் பருவம் முடிந்தபோது முகமதன் கடைசி இடத்தில் நின்றது. 24 ஆட்டத்தில் வெற்றி 2, டிரா 7, தோல்வி 15. மொத்தம் 13 புள்ளி. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். முந்தைய வருடம் 52, இந்த வருடம் 13. பெரியவரின் பயம் இந்த முறை வென்றது. அந்தப் பருவத்தில் இறக்கம் இல்லாததால் அணி தப்பியது.

மேலே ஏறுவது ஒரு வேலை. மேலே நிற்பது வேறு வேலை. எதிரணிகள் பலமானவை. செலவும் கூடும்.

அப்படியானால் ஏறிய அணி எப்போதும் அடிதான் வாங்குமா? இல்லை. இதே முகமதன் 1933இல் கொல்கத்தா லீக்கின் இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறியது. 1934இல் முதல் பிரிவையே வென்றது! அந்த லீக்கை அதுவரை எந்த இந்திய அணியும் வென்றதில்லை. வெள்ளைக்காரர்களின் அணிகளே வென்று வந்தன. 1934 முதல் 1938 வரை ஐந்து வருடமும் கோப்பை முகமதனுக்குத்தான். ஆகவே நம்பிக்கைக்கும் சான்று உண்டு, பயத்துக்கும் சான்று உண்டு.

காகிதத்திலும் ஓர் ஆட்டம்

சில சமயம் மைதானத்தில் மட்டும் முடிவு வராது. 2024-25 ஐ-லீக் முடிந்தபோது கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளியோடு முதலில் இருந்தது. வாரணாசியின் இன்டர் காசிக்கு 39. ஆனால் சில ஆட்டங்களின் புள்ளி பற்றிப் புகார்கள் இருந்தன. தடையில் இருந்த ஆட்டக்காரரை எதிரணி இறக்கியது என்பது ஒன்று. ஓர் ஆட்டக்காரரின் பதிவு செல்லுமா என்பது இன்னொன்று. வழக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இன்டர் காசிதான் வெற்றி பெற்ற அணி!

ஒரு அணியின் ஒரு வருட உழைப்பு விதிப் புத்தகத்தின் சில வரிகளில் அடங்கிவிட்டது. விதியைப் படித்தவர்கள்தான் அதற்காகப் போராட முடிந்தது. விளையாட்டில் மட்டுமா? கூலிக் கணக்கிலும் ரேஷன் அட்டையிலும் இதே கதைதான்.

அடுத்த முறை பேப்பர் கையில் கிடைத்தால் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். புள்ளிப் பட்டியலைத் தேடுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு தாராளமாக வழக்காடுங்கள். விரல் மட்டும் எண்ணின் மேல் இருக்கட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

மஞ்சள் அணிக்கு 41 புள்ளி, மீதி 3 ஆட்டம். பச்சை அணிக்கு 36 புள்ளி, மீதி 3 ஆட்டம்.

1. பச்சை அணி அதிகபட்சம் எத்தனை புள்ளி எடுக்கலாம்?
2. பச்சை அணி எட்ட முடியாதபடி நிற்க மஞ்சள் அணிக்கு இன்னும் எத்தனை புள்ளி வேண்டும்?

விடை: 1. 45 புள்ளி. 2. 5 புள்ளி. ஒரு வெற்றியும் இரண்டு டிராவும் போதும்.