பனிக்காலத்தில் தோலைப் பேணுவோம்

மார்கழி பிறந்தது முதல் மாசி முடியும் வரை மலையகத்தில் தோலுக்குச் சோதனைக் காலம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை மாதத்துச் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகிப்போகும். ஹற்றன் பக்கம் குளிர் அவ்வளவு கடுமையில்லை. ஆயினும் உதட்டு வெடிப்பும் குதிக்கால் பிளவும் இரவெல்லாம் சொறிந்து தூக்கம் கெடுவதும் அங்கும் உண்டு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையும் மண்சரிவும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் ஏராளமான குடும்பங்களை வீட்டிலிருந்தும் மரக்கறித் தோட்டத்திலிருந்தும் வெளியேற்றின. பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ உறவினரின் லயக் காம்பராவிலோ நெருக்கமாகப் படுத்துப் பனிக்காலத்தைக் கழிப்பது எப்படியென்பதை அத்தகைய குடும்பங்கள் அறியும். அவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது: குளிரால் வரும் அரிப்பு ஒன்று, நெருக்கத்தால் வரும் அரிப்பு வேறொன்று. முன்னதற்குத் தேங்காய் எண்ணெய் போதும். பின்னதற்குப் போதாது.

முதலில் குளிரைப் பார்ப்போம். மூடுபனியும் ஈரமும் நிறைந்த இடத்தில் தோல் எப்படி வறளும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குளிர்ந்த காற்றில் நீராவி அதிகம் தங்காது. அதுவே அடுப்படியில் சூடாகும்போது வறண்ட காற்றாகி, தோலிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தோலின் மேற்பரப்பில் இயற்கையான எண்ணெய்ப் பசை ஒரு வேலிபோல இருக்கிறது. பீலித் தண்ணீரில் நனைவதும் காற்றில் உலர்வதுமாக நாள் முழுவதும் மாறிமாறி நடக்கும்போது அந்த வேலி கரைகிறது. குளிருக்குப் பயந்து கொதிக்கக் கொதிக்கச் சுடுநீர் ஊற்றி, உடம்பெல்லாம் சவர்க்காரம் தேய்த்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

ஆகவே இளஞ்சூடான நீரில் விரைவாகக் குளியுங்கள். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் சவர்க்காரம் போதும். துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காயுமுன் இரண்டொரு நிமிடத்துக்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். எண்ணெய் தண்ணீரைத் தருவதில்லை. உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடாமல் காக்கிறது. நம்மவர்கள் குளிக்குமுன் எண்ணெய் வைத்து, பின் சவர்க்காரம் போட்டு அதை முழுவதும் கழுவிவிடுவார்கள். அந்த வழக்கத்தை விடச் சொல்லவில்லை. குளித்தபின் ஒரு கரண்டி எண்ணெயை மிச்சம் வையுங்கள் என்றே சொல்கிறேன். கம்பளி நேரே உடம்பில் பட்டால் அரிக்கும். உள்ளே பருத்திச் சட்டை இருக்கட்டும்.

குதிக்கால் வெடிப்புக்கு, படுக்கப் போகுமுன் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து, வாசலின் பூசிக் காலுறை அணியுங்கள். வெடிப்பைப் பிளேட்டால் வெட்டக்கூடாது. விறைத்த விரல்களை அடுப்புக்கு நேரே நீட்டவும் கூடாது. சிவந்து வீங்கி எரியும். துணியால் சுற்றி மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் மருந்தடிக்கிறவர்களுக்கு இன்னுமொரு காரணம் உண்டு. வெடித்த தோல் வழியாகப் பூச்சிமருந்து உடம்புக்குள் எளிதாக இறங்கும். வெடிப்பு ஆறும்வரை அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். முடியாவிட்டால் றப்பர் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

இனி நெருக்கத்தால் வரும் அரிப்பு. இதுவே சிரங்கு. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு உண்ணி தோலைக் குடைந்து முட்டையிடுகிறது. இரவில் அரிப்பு அதிகமாகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள் தோன்றும். குழந்தைகளுக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும்கூட வரும். வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொறிந்தால் அது பெரும்பாலும் குளிர் வறட்சி அல்ல.

சிரங்கு அழுக்கானவர்களுக்கு வரும் நோய் என்ற பேச்சு நம்மிடையே உண்டு. அது தவறு. தினமும் குளிப்பவருக்கும் ஒரே பாயில் படுத்தால் ஒட்டும். இந்த வெட்கத்தால்தான் ஒருவர் மட்டும் இரகசியமாக மருந்து வாங்கிப் பூசுகிறார். பக்கத்தில் படுப்பவரிடமிருந்து மறுபடி தொற்றிக்கொள்கிறது. முதன்முறை தொற்றினால் அரிப்புத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரம் செல்லலாம். அதுவரை அவர் பிறருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார். எனவே அரிப்பு இல்லாதவர் உட்பட, சேர்ந்து தங்கும் எல்லாரும் ஒரே இரவில் மருந்து பூச வேண்டும். தங்குமிடத்தில் இதற்கென ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நல்லது.

தோட்ட டிஸ்பென்சரியிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காட்டி மருந்து கேளுங்கள். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு கிடைத்தால், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடியும் விடாமல் பூசி, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக் காலையில் கழுவ வேண்டும். இடையில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூசுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வைத்தியரிடம் கேட்டபின்பே எதையும் பூசலாம். குணமான பின்னரும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். அதற்காக மருந்தைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டாம். வேப்பிலை அரைத்துப் பூசுவதை நான் குறைசொல்லேன், அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் பூசுவது தோலைப் புண்ணாக்கும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டெரொயிட் களிம்பு அரிப்பை அடக்கும், உண்ணியைக் கொல்லாது. நோய் மறைந்திருந்து பரவும்.

துணிகளைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போட வேண்டும் என்பார்கள். மழை நாட்களில் நம் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? துணியையும் போர்வையையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். உண்ணி மனித உடம்பை விட்டு இரண்டு மூன்று நாளுக்குமேல் பொதுவாக உயிர்வாழாது.

சொறிந்த இடத்தில் சீழ் பிடித்தால் தாமதிக்க வேண்டாம். அந்தக் கிருமி சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். காலையில் முகம் வீங்கியிருந்தாலோ சிறுநீர் சாயத்தண்ணீர் நிறத்தில் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தோல்நோய் எல்லாமே அரிக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். மங்கலான அல்லது சிவந்த படை ஒன்று இருந்து, அதைத் தொட்டாலும் கிள்ளினாலும் உணர்ச்சி இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். நமது நாட்டில் அது இன்னும் ஒழிந்துவிடவில்லை. முறையாக மருந்து எடுத்தால் முற்றாகக் குணமாகும். வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை. அரசாங்கச் சிகிச்சை நிலையத்தில் அதற்குப் பணம் வாங்குவதில்லை.